திரும்பி நின்ற கிளி

சென்ற வாரம் பெங்களூரிலிருந்து மகள் வீடியோவில் கூப்பிட்டாள். இந்தப் பொங்கலுக்கு அவள் வீட்டில்தான் விருந்தாம். அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வருகிறார்களாம். என்னென்ன வாங்க வேண்டும், எதை முதல் நாளே செய்து வைக்கலாம், யாரை எதற்கு அனுப்ப வேண்டும் என்று எல்லாவற்றையும் இன்னொரு போனில் ஏற்றி வைத்திருந்தாள். அதை எங்களுக்குக் காட்டினாள்.

"இங்க பாருங்கப்பா. வேல முடிஞ்சதும் இப்பிடித் தொட்டா போதும். மறைஞ்சிடும்."

தொட்டாள். தேங்காய் என்று இருந்த வரி 'டிங்' என்ற சத்தத்தோடு காணாமல் போனது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி தனம் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "மறைஞ்சிட்டா வேல நெசமாவே முடிஞ்சிதுன்னு எப்பிடிம்மா தெரியும்?"

"நாந்தானம்மா தொடறேன். எனக்குத் தெரியாதா?"

"அதுவும் சரிதான்" என்றாள். பிறகு, "எதுக்கும் ஒரு தடவ எட்டிப் பாத்துடு" என்றாள்.

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 'டிங்' காதிலேயே நின்றுகொண்டிருந்தது.

அது எனக்கு மிகவும் பழக்கமான சத்தம். சூளையிலிருந்து இறக்கிய பீங்கானை விரல் நகத்தால் சுண்டிப் பார்ப்போம். நன்றாக வெந்திருந்தால் 'டிங்' என்னும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். என் பாதி ஆயுள் இந்த இரண்டு சத்தங்களுக்கு நடுவில்தான் போனது. விருத்தாசலம் சந்திப்பில் நீங்கள் எப்போதாவது ரயில் மாறியிருந்தால், தூரத்தில் மரங்களுக்கு மேலே சில புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றின் அடியில் நான் இருந்தேன். வேதியியல் படித்து, அதற்குமேல் பீங்கான் தொழில்நுட்பமும் படித்து, ஒரு தனியார் பட்டறையில் சூளைக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். மின்சார ஃபியூஸ் கட்டைகளும் பொம்மைகளும் செய்தோம். ஃபியூஸ் சோறு போட்டது. பொம்மை என் மானத்தை வாங்கியது.

பொம்மைக்குச் சூடு ஒரே சீராக ஏற வேண்டும். ஒரு பக்கம் கூடினால் போலீஸ்காரருக்குத் தலை சாய்ந்துவிடும். யானையின் தந்தம் உருகி வாயோடு ஒட்டிக்கொள்ளும். குடம் சுமக்கும் பெண்ணின் குடம் இடுப்பிலிருந்து நழுவித் தொடைக்கு வந்துவிடும். இவற்றுக்கு செகண்ட்ஸ் என்று பெயர். விற்க முடியாது. கூட்டித் தள்ளுகிற இடத்தில் கிடக்கும். நான் சிலவற்றைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். குழந்தைகள் விளையாடட்டும் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் முதலாளி கண்ணில் படாமல் குறைப்பதற்குத்தான். தனம் அவற்றைக் கழுவித் துடைத்து, சமையலறையில் கிரைண்டருக்கு மேலே இருந்த பலகையில் வரிசையாக நிறுத்தி வைப்பாள். விருந்தாளிகளுக்கு அது அழகு. எனக்கு மட்டும் தெரியும், அந்தப் பலகை முழுக்க நான் கெடுத்த சூடுகள்.

இனி விருந்துக்கு வருகிறேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளை மற்ற ஊர்களில் காணும் பொங்கல் என்பார்கள். எங்கள் பக்கம் கரிநாள். இரண்டு நாள் பொங்கலும் காய்கறியுமாகச் சாப்பிட்ட வாய்க்கு அன்று கறி வேண்டும். விடிவதற்குள் ஆட்டுக்கறிக் கடையில் ஊரே நிற்கும். அன்று சாயங்காலம் மூத்தவன் வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிடுவது எங்கள் குடும்பத்தில் பழக்கம். அப்பா போன பிறகு மூத்தவன் நான். திட்டக்குடியிலிருந்து அக்காவும் மாமாவும், கம்மாபுரத்திலிருந்து தம்பியும் அவன் பெண்டாட்டி வசந்தாவும், இன்னும் சித்தப்பா பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள் என்று வீடு கொள்ளாது. செருப்புகள் வாசலைத் தாண்டித் தெருவில் கிடக்கும்.

ஆரம்பத்தில் அந்த விருந்தை நடத்தியது நான்தான். நடத்தினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சூளைக்கு எந்த நேரத்துக்கு எவ்வளவு சூடு என்று அட்டவணை போடுவோம். அதே மாதிரி வெங்காயம் உரிப்பதிலிருந்து வெற்றிலை வைப்பதுவரை எழுதி, சமையலறைக் கதவில் ஒட்டுவேன். தம்பி அதன் முன்னால் நின்று, "அண்ணே, இது சூளைக்கா, வூட்டுக்கா? ரெண்டாயிரம் ஆளுக்கு வடிக்கிற மாதிரி இருக்குது" என்பான். யாரும் அதன்படி நடந்ததில்லை. கறி வேகும் முன்பே சோறு வடித்து ஆறிப்போகும். குடிதண்ணீர் பிடித்து வைக்க மறந்திருப்பார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுவேன், கத்துவேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு இலைக்கட்டு வாங்கப் பாய்வேன். ராத்திரி எல்லோரும் கிளம்பும்போது அக்கா என் முதுகைத் தடவி, "பாவம் தம்பி, ஒத்த ஆளா எவ்ளோ அலையறான்" என்பாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வருடம் முழுக்கக் காத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. விருந்து சரியாக நடப்பதைவிட நான் அலைவது எனக்கு முக்கியமாக இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். ஒரு பொங்கலின்போது அவசர ஆர்டர் என்று முதலாளி போகிக்கு முன்பே சூளையைப் பற்ற வைக்கச் சொல்லிவிட்டார். பற்ற வைத்த சூளையை விட்டு நகர முடியாது. கரிநாள் அன்று பொழுது சாயும்போதுதான் வீட்டுக்கு வர முடிந்தது. சட்டை முழுக்க எண்ணெய்ப் புகை. என்ன கோலத்தில் இருக்கிறதோ என்று வரும் வழியெல்லாம் கவலைப்பட்டேன். கவலைக்குள் கொஞ்சம் ஆசையும் இருந்தது. நான் போய் நின்றதும், "வந்துட்டியா? நீ இல்லாம ஒண்ணும் ஓடல" என்று யாராவது சொல்வார்கள் என்ற ஆசை.

வாசலில் சீரகமும் கறியும் சேர்ந்த வாசனை. உள்ளே சத்தமே இல்லை. சத்தம் இல்லை என்றால் சிரிப்புச் சத்தம் இருந்தது, கத்தல் இல்லை. கூடத்தில் இரண்டு பேர் இலை துடைத்துக்கொண்டிருந்தார்கள். குடங்களில் தண்ணீர் மூடி வைத்திருந்தது. சமையலறையில் தனம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி, திரும்பாமலே பேசினாள்.

"ஏண்டி வசந்தா, யானை முழிச்சிக்கிட்டு நிக்குது, நீ டிவி பாத்துக்கிட்டு நிக்கற?"

"யானைய நான் எப்பவோ திருப்பிட்டேங்க்கா. முழிக்கிறது போலீஸ்காரரு. அவரக் கண்டா எனக்கு பயம்."

"கழுத்து சாஞ்ச போலீஸ் என்னா பண்ணும்? போ, போயி மசாலாவ எடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பலகையைப் பார்த்தேன். என் செகண்ட்ஸ் பொம்மைகளில் பாதி சுவரைப் பார்த்து நின்றன. பாதி எங்களைப் பார்த்து நின்றன.

"என்னா இது?" என்று கேட்டேன்.

"வாங்க. கை கழுவிட்டு உக்காருங்க" என்றாள். விருந்தாளியிடம் சொல்வது போல. பிறகு சொன்னாள்: "கதவுல ஒட்டற பேப்பர யாருங்க படிக்கிறா? கையெல்லாம் மஞ்சளும் எண்ணெயும். பொம்மைன்னா பாத்தாலே தெரிஞ்சிடுது. யானை சோறு, போலீஸு கறி, குடத்துக்காரி தண்ணி. முகம் காட்டுச்சின்னா வேல பாக்கி, முதுகு காட்டுச்சின்னா முடிஞ்சிது. சும்மா இருக்கறவங்க வந்து முகம் காட்டறத எடுத்துக்க வேண்டியதுதான். முடிச்சிட்டுத் திருப்பி வச்சிட்டா போதும். என்னை வந்து கேக்கவே வேணாம்."

கேட்கவே வேண்டாம். ஓடவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம். நான் கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாம் சூடாக, ஒன்றன் பின் ஒன்றாக இலைக்கு வந்தது.

என் அக்கா வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். வடலூர் சபைக்குப் போய்வருகிறவர், மாமிசம் தொடமாட்டார், இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுவார். அன்று அவர் திண்டில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ள, உன் சூளைய தனத்துக்கிட்டக் குடுத்துடு. ஒரு பொம்ம கோணாது."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கன்னம் வலித்தது நினைவிருக்கிறது. ராத்திரி அக்கா கிளம்பும்போது தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். யாரும் தடவவில்லை.

பொறாமை என்றால் எனக்குத் தெரியாததல்ல. கூடப் படித்தவன் வெளிநாடு போனபோது வந்தது, பக்கத்துப் பட்டறைக்காரன் கேஸ் சூளை போட்டபோது வந்தது. அவையெல்லாம் தூரத்துப் பொறாமைகள், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடும். இது ஒரே பாயில் படுக்கிறவள் மேல் வந்தது. காலையில் காபியை ஆற்றிக் கொடுக்கிறாள், வாங்கும்போது வருகிறது. குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டே சாம்பாருக்குத் தாளிக்கிறாள், பார்க்கும்போது வருகிறது. இவளுக்கு மட்டும் எப்படி எதுவும் தடுமாறுவதில்லை? இத்தனைக்கும் அந்தப் பொம்மைகள் என்னுடையவை. நான் கெடுத்தவை. நான் தோற்றதை வரிசையாக நிறுத்தி அவள் ஜெயித்துவிட்டாள். வேறு எதை வைத்துச் செய்திருந்தாலும் இவ்வளவு எரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

அடுத்த கரிநாளுக்கு, என் கெட்ட நேரம், முதலாளியும் சாப்பிட வந்தார். பொம்மைகளைப் பற்றி வசந்தா அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் எழுந்து சமையலறை வாசலில் நின்று பார்த்தார். பொங்கல் கழிந்து பட்டறை திறந்த அன்று, எல்லா ஆட்களுக்கும் முன்னால், "நம்ம சார் வூட்டம்மா வேல பாக்கறத போயி பாத்துட்டு வாங்கய்யா. ஒரு சத்தம் கெடையாது" என்றார். ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். சத்தம் போடுகிறவன் யார் என்று அவர்களுக்குத் தெரியாதா?

அன்று வீட்டுக்குப் போனதும் தனம் ஆசையாகக் கேட்டாள்: "மொதலாளி என்னா சொன்னாரு? சாப்பாடு புடிச்சிருந்ததாமா?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் வாடியது. அதைப் பார்த்து எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் ஆறுதலாகத்தான் இருந்தது.

அவளுக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான். இதையும் நான் சொல்லியாக வேண்டும். பத்தாவது முடித்ததும் எனக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். மேலே படிக்க ஆசைப்பட்டவள். மற்ற நாட்களில் அவள் செய்வது யார் கண்ணிலும் படாது. கரிநாள் அன்று மட்டும் ஒரு வீடு நிறைந்த கூட்டம் அவள் வைத்த ஒழுங்கில் அசையும். தை பிறக்கும் முன்பே பொம்மைகளை இறக்கிச் சோப்புத் தண்ணீரில் கழுவ ஆரம்பித்துவிடுவாள். புதிதாக ஒரு வேலை சேர்ந்தால் எந்தப் பொம்மையை அதற்கு வைக்கலாம் என்று என்னிடமே கேட்பாள். நான் தினத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "எதையாவது வை" என்பேன்.

மூன்றாவது வருடம்.

மாமாவுக்கென்று தனியாகச் செய்கிற குழம்புக்குக் கிளி. மூக்கு வளைந்து நெஞ்சில் ஒட்டிய பச்சைக் கிளி. அது பழம் தின்கிறது, கறி தின்பதில்லை என்று தனம் அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கறி வேகிற வீட்டில், கறிக் கரண்டி புழங்குகிற அடுப்பில் அவருக்குச் சமைப்பதில்லை. எதிர் வீட்டு டீச்சரம்மா சைவம். பொங்கலுக்கு மகன் வீட்டுக்குக் கடலூர் போகும்போது சாவியைத் தனத்திடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தச் சமையலறையில்தான் மாமாவின் மொச்சைக் குழம்பு கொதிக்கும். பறங்கியும் கத்தரியும் போட்டு, கடைசியில் எங்கள் வீட்டுக்கு வரும்.

அன்று மதியம் எல்லோரும் லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஓய்ந்திருந்தார்கள். பிள்ளைகள் மணிமுத்தாற்று மணலுக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன். யாரும் இல்லை. பலகையில் நான்கைந்து பொம்மைகள் என்னைப் பார்த்து நின்றன. கிளியும் நின்றது. எதிர் வீட்டில் மொச்சையை உரித்து, காயை நறுக்கி வைத்துவிட்டு வந்திருந்தார்கள், அடுப்பு பற்ற வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

கையை நீட்டி அதைத் திருப்பி வைத்தேன்.

அவ்வளவுதான். செம்பை வைப்பது போல ஒரு காரியம். அப்போது என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மாமா பட்டினியாகப் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் தடுமாறட்டும், ஒரு தடவையாவது, "ஏங்க, இது ஆச்சா?" என்று என்னை வந்து கேட்கட்டும் என்று நினைத்தேன். பாதி வேலையில் கண்டுபிடித்து ஓடுவாள், நானும் ஓடுவேன், பழைய மாதிரி. பிறகு சோடா வாங்கப் போனேன். கடைத்தெருவில் தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது கிளி அப்படியே சுவரைப் பார்த்து நின்றது. திருப்பி வைத்திருக்கலாம். அடுப்படியில் வசந்தா இருந்தாள். நான் அதைத் தொடுவதை அவள் பார்த்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன்.

தனம் பார்த்தபோது கிளி திரும்பியிருந்தது, வசந்தா முடித்துவிட்டாள் என்று நினைத்தாள். வசந்தா பார்த்தபோதும் திரும்பியிருந்தது, தனம் முடித்துவிட்டாள் என்று நினைத்தாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதானே அந்த ஏற்பாட்டின் அழகு.

வெளிச்சம் இருக்கும்போதே மாமாவுக்கு முதல் இலை போட்டார்கள். சோறு வைத்தார்கள். நெய் ஊற்றினார்கள். தனம், "வசந்தா, அண்ணனுக்குக் குழம்பு எடுத்துட்டு வா" என்றாள்.

"எங்கக்கா வச்சிருக்கீங்க?"

"நீதானடி வச்ச?"

"நான் எங்க வச்சேன்? நீங்க முடிச்சிட்டீங்கன்னு..."

தனம் பலகையைப் பார்த்தாள். பிறகு தெருவைத் தாண்டி ஓடினாள். நானும் பின்னால் போனேன். டீச்சரம்மா வீட்டு அடுப்பு சில்லென்று இருந்தது. தண்ணீரில் போட்டு வைத்த கத்தரிக்காய் கறுத்திருந்தது. தட்டில் மொச்சை காய்ந்து சுருங்கியிருந்தது. அவள் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் தொட்டுப் பார்த்தாள்.

எலும்பு போட்டதால் ரசமும் அவருக்கு ஆகாது. மாமா சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். "இதுவே நல்லா இருக்குதும்மா, நீ ஏன் வருத்தப்படற?" என்று தனத்திடம் சொன்னார். அவரால் பொறுக்க முடிந்தது, அக்காவால் முடியவில்லை.

"அத்தன பேருக்குக் கறி இருக்குது, மீனு இருக்குது. இந்த மனுசனுக்கு ஒரு கரண்டி கொழம்பு இல்ல. திட்டக்குடிலேருந்து தயிர் சோறு திங்கவா பஸ்ஸு புடிச்சி வந்தாரு?"

"அண்ணி, பொம்ம திரும்பி இருந்ததுங்க அண்ணி. நான் முடிஞ்சிதுன்னு..." என்றாள் தனம்.

"பொம்மையாம் பொம்ம!"

யார் திருப்பியது என்று கேட்டார்கள். வசந்தா தன் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர்கள் ஆற்றிலிருந்து அப்போதுதான் வந்தார்கள், கால் முழுக்க மணல். என்னை யாரும் கேட்கவில்லை. பொம்மை ஏற்பாடு வந்த பிறகு நான் சமையலறைப் பக்கம் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரையும் கழித்துவிட்டால் மிச்சம் தனம்தான். அவள் பலகையையும் தன் கைகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்வதற்கு அல்ல.

"நான் அப்பவே நெனச்சேன். பொம்மைய நம்பி விருந்து வைக்க முடியுமா?"

சொன்னதும் கூடத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி அமைதியானது. எத்தனையோ நாளாக எரிந்தது அணைந்துவிட்டது.

அடுத்த வருடம் தனம் பொம்மைகளை இறக்கிக் கழுவவில்லை. "நீங்களே பாத்துக்குங்க" என்றாள். நான் சமையலுக்கு ஆள் வைத்தேன். அவர் கறியில் காரத்தை அள்ளிப் போட்டார், பிள்ளைகள் சாப்பிடவில்லை. அக்கா மட்டும் பகலில் வந்து ஒரு வாய்க் காபி குடித்துவிட்டுப் போனாள். மாமா வரவில்லை. அதற்கடுத்த வருடம் பிரியாணி வாங்கி வந்தோம். பிறகு தம்பி, "எதுக்குண்ணே செரமம், நாங்க வூட்லயே பாத்துக்கறோம்" என்றான். விருந்து நின்றுவிட்டது. அது நின்றதுகூடப் பரவாயில்லை. எத்தனையோ குடும்பங்களில் நின்றிருக்கிறது.

தனம் கேட்க ஆரம்பித்தாள். "ஏங்க, நான் உப்பு போட்டேனா?" "பால்காரருக்குச் சொன்னேனா?" வெளியே கிளம்பித் தெருமுனைவரை போய், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சிலிண்டரை மூடினேனா என்று என் கையைப் பிடிப்பாள். எல்லாம் ஆகியிருக்கும். ஒரு தடவைகூட அவள் மறந்ததில்லை. என்னைக் கேட்க வேண்டும் என்று நான் ஏங்கியது இப்படித்தான் எனக்குக் கிடைத்தது, ஒரு நாளைக்குப் பத்து தடவை. முதல் சில மாதம் அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. "போட்டாச்சி, போ" என்று பெரிய மனிதனாகச் சொல்வேன்.

மகள் பயந்துபோய் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். டாக்டர் அவளைப் படம் வரையச் சொல்லி, கணக்குக் கேட்டு, ஐந்து வார்த்தை சொல்லி அதைத் திருப்பிச் சொல்ல வைத்தார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். "அம்மாவுக்கு ஞாபக மறதி எதுவும் இல்ல. தன் மேல நம்பிக்கை இல்ல, அவ்வளவுதான். எப்பலேருந்து இப்பிடி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு நாள் தெரியும், நேரம் தெரியும். "கொஞ்ச வருசமாத்தான் டாக்டர்" என்றேன்.

இப்போது அந்தத் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் பல பட்டறைகளின் கதவில் கொடி படர்ந்திருக்கிறது. எங்கள் முதலாளி விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். மாமா இறந்துவிட்டார். அந்தத் துக்க வீட்டில் அக்காவைக் கட்டிக்கொண்டு தனம் அழுதபோது, "அண்ணி, அன்னிக்கி ஒரு கொழம்பு வைக்காம வுட்டுட்டேனே" என்று சொல்லித்தான் அழுதாள். அக்காவுக்கு அது மறந்தேபோயிருந்தது.

மகள் போனை வைத்த அன்று சாயங்காலம் தனம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். இனி தள்ளிப்போட்டால் என் காலத்துக்குள் நடக்காது என்று தோன்றியது.

"தனம். அந்தக் கிளிய நாந்தான் திருப்பினேன்."

"எந்தக் கிளி?"

"கரிநாளன்னிக்கி. மாமா கொழம்பு."

அவள் கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போனது, யாரும் இல்லாதது, முதலாளி சொன்னதை மறைத்தது, எனக்கு இருந்த எரிச்சல், எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. கடைசிவரை கேட்டாள்.

"போங்க" என்று சிரித்தாள். "வயசான காலத்துல எனக்கு ஆறுதல் சொல்ல இப்பிடி ஒண்ணு கண்டுபுடிச்சிருக்கீங்களா?"

"நெசமாத்தான் சொல்றேன். என்னால தாங்க முடியல அப்ப. ஒன்ன எல்லாரும் சொன்னது."

"உங்களுக்கா? என் மேலயா?" மறுபடியும் சிரித்தாள். "படிச்சவரு நீங்க. என்னைப் பாத்துப் பொறாமப்பட என்னா இருக்குது?"

நான் திரும்பவும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு நல்லா ஞாவகம் இருக்குதுங்க. பலகையத் தொடச்சிக்கிட்டு இருந்தேன். தொடச்சிட்டு வைக்கும்போது மொகத்த அந்தப் பக்கம் வச்சிட்டேன். கையில சில்லுனு இருந்ததுகூட நெனவு இருக்குது. எத்தன நாளு அத நெனச்சிருப்பேன், எனக்குத் தெரியாதா?"

அப்படி ஒன்று நடக்கவேயில்லை. ஆனால் அதை அவள் சொன்ன விதத்தில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. உப்பையும் பூட்டையும் என்னைக் கேட்கிறவள் இதை மட்டும் என்னைக் கேட்கவில்லை.

கீரையை எடுத்து மறுபடி ஆய ஆரம்பித்தாள். ஒரு வீடு நிறைந்த கூட்டத்துக்கு, ஒருவரையும் ஒன்றும் கேட்காமல் சோறு போட்ட ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். அன்று அவள் தவறவில்லை என்பதற்குச் சாட்சியாக நான் ஒருவன்தான் இருக்கிறேன். அவளை அவளிடமே நம்பவைக்க என்னால் முடியவில்லை.